மூன்றாவது கீல் எங்கே?

கதவு 2400 மி.மீ. உயரம், 1200 அகலம், 50 கனம். முழுத் தேக்கு, ஒற்றைக் கதவு. இரண்டு கீல் போதாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மூன்றாவதை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு முட்டிக்கொண்டது. "நடுவுல கீல் இல்லாத பெரிய கதவ நான் பாத்ததே இல்ல தம்பி" என்றார் மூத்த தச்சர். மேல் கீலுக்கு ஒரு சாண் கீழே வைக்கலாம் என்றேன் நான். "அப்புறம் சட்டம் வளைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். கடைசியில் நான்கு கீல் போட்டோம்: மேலே இரண்டு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. கதவு நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அந்த நாலாவது கீல் கதவுக்காகப் போட்டதா, இருவர் மனமும் கோணாமல் இருக்கப் போட்டதா என்று யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது.

என் பக்கத்துக் கணக்கு இது. தேக்கின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 650 கிலோ என்று வைத்தால் இந்தக் கதவு ஏறக்குறைய 94 கிலோ. பூட்டு, கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாம் சேர்ந்து 100 என்று வைத்துக்கொள்ளலாம். எடையின் மையம் கீல் அச்சிலிருந்து 600 மி.மீ. தள்ளி நிற்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நடுவே 1900 மி.மீ. இருந்தால், மேல் கீலை நிலையிலிருந்து, அதாவது கதவு மாட்டிய சட்டகத்திலிருந்து, பிடுங்கும் இழுப்பு 100 × 600 ÷ 1900, அதாவது 32 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கீழ்க் கீலை அதே அளவு விசை நிலைக்குள் அழுத்தும். கீழ்க் கீல் பிடுங்கிக்கொண்டு வருவது அபூர்வம். மேல் கீல்தான் எப்போதும் முதலில் போகும்.

இந்தக் கணக்கில் அகலம்தான் வில்லன். அகலம் கூடினால் எடையும் கூடும், மையமும் தள்ளிப்போகும். இழுப்பு அகலத்தின் வர்க்கமாக ஏறும். அதே கதவு 900 அகலமாக இருந்தால் எடை சுமார் 75, இழுப்பு 18 கிலோதான். உயரம் கூடினால் அவ்வளவு மோசமில்லை, ஏனென்றால் கீல்களையும் அதற்கேற்ப விலக்கி வைக்க முடியும். உயரமான கதவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அகலமான கதவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது எனக்கு என்றுமே புரிந்ததில்லை.

மூன்றாவது கீலைச் சரியாக நடுவில் வைத்தால் மேல் கீலின் இழுப்பு துளியும் குறையாது. மேலே இழுப்பு, கீழே அழுத்தம், நடுவில் இரண்டும் இல்லை. அதையே மேல் கீலுக்கு 250 மி.மீ. கீழே கொண்டுவந்தால் மேல் கீலுக்கு 20, இரண்டாவதற்கு 13 என்று பிரிந்துவிடும். எல்லாக் கீலும் ஒரே இறுக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். அந்த நிபந்தனையை அன்றைக்கு நான் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

தச்சர் சொன்னதும் வெறும் பழக்கமில்லை. 2400 நீளச் சட்டம் 50 கனத்தில் நிற்கும்போது ஈரம் ஏறி இறங்க வளையப் பார்க்கும். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல் என்றால் இன்னும் சுலபமாக வளையும். நடுக் கீல் அந்த வளைவை நிலையோடு பிடித்து வைக்கிறது. நான் எடையைப் பேசினேன், அவர் மரத்தைப் பேசினார். மரம் நன்றாகப் பக்குவப்பட்டதா என்பதை இருவருமே அவ்வளவாகப் பேசவில்லை. பக்குவமில்லாத சட்டத்தை ஒரு கீல் நிமிர்த்திவிடாது, திருகைத்தான் தளர்த்தும்.

சரி, 32 கிலோ என்பது என்ன பெரிய இழுப்பா? கெட்டி மரத்தில் முறையாக இறங்கிய 12-ஆம் நம்பர் (5.5 மி.மீ.) திருகு ஒன்றே இதைவிட அதிகம் தாங்கும். ஒரு கீலின் ஒரு தகட்டில் நான்கைந்து திருகுகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் பெரிய கதவுகள் இறங்குகின்றன. காரணத்தைத் தேடினால் கீலின் இடத்தைவிடத் திருகு இறங்கிய விதம்தான் அதிகம் சிக்குகிறது. முக்கால்வாசி சுத்தியால் அடித்துவிட்டு, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருப்பிவிடுகிற திருகு மரத்தைக் கிழித்துக்கொண்டு உட்காருகிறது. பார்வைக்கு இறுக்கமாக இருக்கும், பிடிப்பு இருக்காது. 5.5 மி.மீ. திருகுக்குக் கெட்டி மரத்தில் 4 மி.மீ. துளை போட்டு, 50 மி.மீ. நீளத்துக்குக் குறையாமல், கையால் முறுக்க வேண்டும். பித்தளைத் திருகு என்றால் முதலில் அதே அளவு இரும்புத் திருகை இறக்கிப் புரி உண்டாக்கிவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் தலை முறிந்துவிடும்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. மேல் குறுக்குச் சட்டத்தின் கழுந்து (மூட்டுக்காகச் செதுக்கிய முனை), நிற்கும் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு வெளி விளிம்புவரை வருகிற கதவுகளில், கீலை அந்த உயரத்திலேயே வைத்தால் நடுத் திருகுகள் கழுந்தின் முனையில் இறங்கும். அங்கே நார் திருகின் திசையிலேயே ஓடுவதால் பிடி கணிசமாகக் குறைந்துவிடும். வெளியே தெரியாது, திருகும்போதும் சட்டென்று தெரியாது. ஆகவே குறுக்குச் சட்டம் முடிந்த பிறகு, அதற்குக் கீழே கீலைத் தொடங்குவது நல்லது. கணக்குப்படி கீல்கள் விலகியிருப்பது நல்லதுதான். ஆனால் அதற்காக மேல் கீலை உச்சிக்குக் கொண்டுபோனால் கழுந்தில் மாட்டிக்கொள்வோம்.

கீலைப் பொறுத்தவரை வாக்குவாதமே வரவில்லை. பேரிங் வைத்த துருப்பிடிக்காத எஃகு, தகட்டுக் கனம் 4 மி.மீ.க்கு மேல். பேரிங்கோ புஷ்ஷோ (இடையில் உராய்வைத் தாங்கும் வளையம்) இல்லாமல் அந்த எஃகு அதே எஃகின்மேல் உரசினால் ஒன்றையொன்று கடித்துத் தேயும். அகலத்துக்கு ஒரு சூத்திரம்: கதவுக் கனத்தின் இரு மடங்கிலிருந்து 12 மி.மீ. கழித்து, நிலையைச் சுற்றிய அலங்காரச் சட்டத்தைத் தாண்ட வேண்டிய இடைவெளியைக் கூட்டு. 50 கனக் கதவு 25 மி.மீ. தாண்ட வேண்டுமென்றால் 113. கிடைப்பதில் அடுத்த அளவு 125. பெட்டியில் 120 கிலோ என்று போட்டிருந்தால் அது எத்தனை கீலுக்கு, எந்த அகலக் கதவுக்கு என்று அட்டவணையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஐரோப்பியத் தரமான இ.என். 1935-இல் 13-ஆம் தரநிலைக் கீல் 120 கிலோ கதவோடு 2,00,000 முறை திறந்து மூடிச் சோதிக்கப்படுகிறது. ஆனால் சோதனைக் கதவு நம் கதவின் அகலத்தில் இருந்திருக்காது.

நான்கு கீலில் என்னை உறுத்துவது அச்சு. இரண்டு கீலின் பின்கள் (தகடுகளைக் கோக்கும் நடுக் கம்பிகள்) எப்படியும் ஏறக்குறைய ஒரே கோட்டுக்கு வந்துவிடும். மூன்றாவது வந்ததும் கோடு கேள்விக்குள்ளாகிறது. நான்காவது வந்தால் இரட்டிப்பு. கீல் தகடு உட்காரும் பள்ளம் ஒன்று உளியில் 1 மி.மீ. கூடுதலாக இறங்கிவிட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் கீல் மற்ற மூன்றோடு மல்லுக்கு நிற்கும். கையை எடுத்தால் கதவு தானாகச் சற்று அசையும், அதுதான் அடையாளம். மேல் பின்னிலிருந்து கீழ்ப் பின்வரை நூல் பிடித்து, இடையில் உள்ளவற்றை அட்டைத் துண்டு வைத்துக் கோட்டுக்குக் கொண்டுவந்த பிறகே எல்லாத் திருகையும் இறுக்க வேண்டும். உயரத்திலும் இதே கதைதான்: எடை நான்கு கீலுக்கும் சமமாகப் பகிரப்படும் என்று காகிதம் சொல்லும், நடைமுறையில் பள்ளம் அரை மி.மீ. மாறினாலே ஒன்றோ இரண்டோதான் முழுதும் சுமக்கும். அதனால் ஒவ்வொரு கீலும் தனியாகவே கதவைச் சுமக்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பாவம், கீல் மேல் விழும் பழியில் பாதி அதனுடையது அல்ல. மேல் கீல் 1 மி.மீ. விலகினால் பூட்டுப் பக்கம் இறங்குவது 0.6 மி.மீ.தான். பூட்டுப் பக்கம் 5 மி.மீ. இறங்கியிருந்தால் மேல் கீலில் 8 மி.மீ. பிளவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, கதவின் மூட்டுகளைப் பார்; இல்லையென்றால் தூக்குக்குண்டு பிடித்து நிலைக்காலைப் பார். கதவைத் தடுக்கும் குமிழைக் கீலுக்கு 100 மி.மீ. பக்கத்தில் பதித்திருந்தால் அதுவே போதும்: கைப்பிடியில் பத்து கிலோ தள்ளினால் கீல் பக்கம் நூறு கிலோ நெம்பும். நாங்கள் சண்டை போட்ட 32 கிலோ அதன்முன் ஒன்றுமே இல்லை. குமிழைக் கீலிலிருந்து அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பதிக்கச் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பேச்சு யாருக்கும் நினைவில் இல்லை.

இன்னும் கனமான கதவாக இருந்தால், 200 கிலோ பக்கம் போனால், இந்த வாக்குவாதமே வேண்டாம், குடுமியில், அதாவது மேலும் கீழும் உள்ள சுழல் முளையில், நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. எடை முழுதும் தரைக்குப் போய்விடும், மேல் குடுமி இழுப்பை மட்டும் பிடிக்கும். தண்ணீர் தேங்காத தரை அதற்கு வேண்டும்.

அந்தக் கதவுக்கு நடுக் கீல் தேவையா என்று சோதிக்க வழி இருக்கிறது. கழற்றக்கூடிய பின்தான். கதவை மூடி வைத்து நடுப் பின்னை மட்டும் தட்டி எடுத்தால், இரண்டு தகடுகளிலும் பின் நுழையும் குழல்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, விலகுகின்றனவா என்று பார்த்துவிடலாம். விலகினால் சட்டம் வளையப் பார்த்திருக்கிறது, தச்சர் சொன்னது சரி. விலகாவிட்டாலும் முடிவுக்கு வர முடியாது: ஈரம் ஏறும் பருவத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும். பள்ளம் பிசகி, அந்த இழுவையில் குழல் விலகுவதும் உண்டு, அதற்கும் வளைவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சட்டத்தின்மேல் நேர்விளிம்பு வைத்துப் பார்க்க வேண்டும். அவரிடம் சொன்னேன். "ஓடுற கதவ எதுக்கு தம்பி கழட்டணும்?" என்றார்.