பேரரசர்களின் நகரில்: இஸ்தான்புல் நாட்குறிப்பு

06.10.2024, ஞாயிறு

தொல்பொருள் அருங்காட்சியகத்தின் வெளியே, திறந்த வெளியில், போர்பிரி என்ற ஊதாச் சிவப்புக் கல்லில் செதுக்கிய பிரமாண்டமான கல்லறைப் பேழைகள் நிற்கின்றன. அவற்றில் கிடந்தவர்கள் கிழக்கு ரோமப் பேரரசர்கள். எகிப்தின் பாலைவனத்தில் வெட்டிய இந்தக் கல்லில் அரச குடும்பத்தைத்தான் அடக்கம் செய்வார்கள். எந்தப் பேழை யாருடையது என்று இன்று அறுதியாகச் சொல்ல முடியாது. பெயர் ஒன்றும் இல்லை. உள்ளே எலும்பும் இல்லை.

கொன்ஸ்தந்தீன் இந்த நகரைத் தலைநகராக்கியது 330இல். ஒட்டோமன் படை நுழைந்தது 1453இல். இடையில் ஏறத்தாழ தொண்ணூறு பேர் ஆண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய தடத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

07.10.2024, திங்கள்

பாத்திஹ் பள்ளிவாசல். இது இருக்கும் குன்றில்தான் பரிசுத்த அப்போஸ்தலர் தேவாலயம் இருந்தது. கொன்ஸ்தந்தீன் தொடங்கி 1028இல் இறந்த எட்டாம் கொன்ஸ்தந்தீன் வரை பெரும்பாலான பேரரசர்களை அடக்கம் செய்த இடம். 1204இல் நான்காவது சிலுவைப் போர்க்காரர்கள், அதாவது இவர்களைப் போலவே கிறிஸ்தவர்கள், நகரைப் பிடித்தபோது கல்லறைகளை உடைத்து நகைகளை அள்ளினார்கள். ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியனின் உடல் அறுநூறு வருடங்களுக்கு மேலாகியும் கெடாமல் கிடந்ததாம். அதைப் பார்த்து அதிசயித்தார்களே தவிர, கையை நிறுத்தவில்லை என்று அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் நிக்கேத்தாஸ் எழுதிவைத்திருக்கிறார். பிறகு 1460களில் சுல்தான் மெஹ்மெத் பாழடைந்திருந்த அந்தத் தேவாலயத்தை இடித்துத் தன் பள்ளிவாசலைக் கட்டினார்.

ஜஸ்டினியனைப் பற்றி இன்றே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என் சட்டத் தொழிலே அவர் போட்ட சோறு. அவருடைய மாமன் ஜஸ்டின் எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன், படையில் சேர நடந்தே நகருக்கு வந்து பிறகு பேரரசரானவன் என்கிறார்கள். மனைவி தியோடோரா, வேடிக்கை அரங்கில் கரடி மேய்த்தவரின் மகள், மேடை நடிகை. அவளைக் கலியாணம் செய்வதற்காகச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. 532இல் கலகக்காரர்கள் நகரை எரித்தபோது ஜஸ்டினியன் கப்பலேறி ஓடவிருந்தார். அரச உடையே நல்ல சவச்சீலை, நான் ஓடமாட்டேன் என்று தியோடோரா தடுத்துவிட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் சொல்கிறார். அதன் பின் குதிரைப் பந்தய அரங்கில் முப்பதாயிரம் பேர் வெட்டப்பட்டார்கள். இதை மறைத்துவிட்டு ஜஸ்டினியனைப் புகழ்வது நேர்மையில்லை.

அப்படிப்பட்ட மனிதர்தான், ஆயிரம் வருடச் சட்ட நூல்களைச் சலித்துச் சாரத்தை எடுக்கச் சொல்லி ட்ரிபோனியன் என்ற சட்ட அறிஞர் தலைமையில் ஒரு குழுவை இருத்தினார். முப்பது லட்சம் வரிகளை ஒன்றரை லட்சமாகக் குறைத்து, மூன்றே வருடத்தில் ஐம்பது புத்தகங்கள். 533இல் ‘டைஜெஸ்ட்’ வெளிவந்தது. ஐரோப்பா அதை மறந்து, மறுபடி கண்டெடுத்துப் படித்தது. டச்சுக்காரர் உரை எழுதினார்கள். அந்த உரைகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. இன்றும் எங்கள் நாட்டில் பஸ் மோதிக் கால் முறிந்தவர் நட்டஈடு கேட்டால், அந்த வழக்கின் அடி டைஜெஸ்ட்டின் ஒன்பதாவது புத்தகத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை வாய்திறக்காத இடத்தில் யாழ்ப்பாணத்தானுக்கும் உரோமன் டச்சுச் சட்டம்தான்.

அந்தப் புத்தகத்தில் ஒரு வழக்கு. பந்து விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாவிதர் ஓர் அடிமைக்குச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பந்து வந்து கையில் பட, கத்தி கழுத்தை அறுத்துவிடுகிறது. பிழை யாருடையது? பந்தை எறிந்தவனா, அந்த இடத்தில் கடை போட்ட நாவிதரா, அங்கே போய் உட்கார்ந்தவனா? சட்டக்கல்லூரியில் இதை வைத்துப் பொழுது போவது தெரியாமல் வாதாடியிருக்கிறோம்.

09.10.2024, புதன்

ஹாகியா சோபியா. கீழ்த்தளம் தொழுகைக்கு, எங்களைப் போன்ற வெளிநாட்டார் மேல்மாடத்துக்குத்தான் போகலாம். அதுவும் நல்லதுதான், பேரரசர்களின் மொசாயிக் படங்கள் அங்கேதான் இருக்கின்றன.

நடுவில் கிறிஸ்து, வலப்பக்கம் பேரரசி ஸோயி, இடப்பக்கம் அவளுடைய மூன்றாவது கணவர் ஒன்பதாம் கொன்ஸ்தந்தீன். என் மனைவி உற்றுப் பார்த்துவிட்டு, “இஞ்சருங்கோ, இவற்றை தலையும் உடம்பும் ஒட்டேல்லைப் போல கிடக்கு” என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். உடம்பு முந்திய கணவருக்குச் செய்தது. ஆள் மாறியதும் முகத்தைக் கொத்தி எடுத்துப் புது முகம் வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே பெயர் எழுதிய இடத்திலும் கை வைத்திருப்பது தெரிகிறது.

எட்டாம் கொன்ஸ்தந்தீனின் மகள் ஸோயிக்கு முதல் கலியாணம் ஐம்பது வயதில், 1028இல். கணவர் ரொமானோஸ் 1034இல் குளியலறையில் இறந்தார். அன்றைக்கே மிக்கேல் என்ற இளைஞரை மணந்து அரியணையில் ஏற்றினாள். அவர் இறந்தபின் வந்த வளர்ப்பு மகன் அவளைத் தலைமுடி மழித்துத் தீவுக்கு அனுப்ப, நகரமே தெருவில் இறங்கிவிட்டது, பெண்களும் சேர்ந்து. அவளைத் திருப்பிக் கொண்டுவந்து தங்கை தியோடோராவுடன் சேர்த்து ஆளவைத்தார்கள். இந்த நாட்டில் அரியணைக்கு எழுதிய வாரிசுச் சட்டம் இருக்கவில்லை. இருந்தும் சனங்கள் ஸோயியின் இரத்தத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அந்தத் தெருச் சனங்கள்மேல்தான் மரியாதை.

பக்கத்திலேயே இரண்டாம் யோவான் கொம்னெனோஸ், ஹங்கேரியிலிருந்து வந்த மனைவி ஐரீன், ஓரத் தூணில் தகப்பனுக்கு முன்னே போய்விட்ட மகன் அலெக்ஸியோஸ். இந்த யோவானைக் கவிழ்க்கத் தமக்கை அன்னா சதி செய்தாள். பிடிபட்டதும் அவளுடைய சொத்தை எடுத்து நண்பன் அக்ஸூகுக்குக் கொடுத்தார் யோவான். அக்ஸூக் சிறுவயதில் போரில் பிடிபட்ட துருக்கியன், யோவானோடு விளையாடி வளர்ந்தவன். அவன் வாங்க மறுத்து, கூடப்பிறந்தவளிடமே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டான். யோவானும் கொடுத்துவிட்டார். தன் ஆட்சியில் ஒருவரையும் கொல்லவோ அங்கம் வெட்டவோ விடவில்லை என்று அவருக்குப் பெயர்.

அதே மாடத்தின் தரையில், 1204 கொள்ளைக்குத் தலைமை தாங்கிய வெனிஸ்காரர் தந்தோலோவின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. பிற்காலத்தில் வைத்ததுதான். என்றாலும், கொள்ளையடித்தவனுக்குப் பெயர்க்கல், பறிகொடுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை என்பது நெஞ்சில் குத்தியது.

10.10.2024, வியாழன்

ஸெய்ரெக் பள்ளிவாசல். யோவானும் ஐரீனும் கட்டிய பந்தோக்ராத்தோர் மடம். இங்கேதான் அவர்களை அடக்கம் செய்தார்கள். நான் தேடிவந்தது மடத்தோடு இருந்த வைத்தியசாலையை. கட்டடம் இல்லை. 1136இல் யோவான் எழுதிக்கொடுத்த ஒழுங்கு விதிகள் மட்டும் கிடைத்திருக்கின்றன.

ஐம்பது கட்டில்கள். காயம் பட்டோருக்குப் பத்து, கண்ணும் குடலும் நோயுற்றோருக்கு எட்டு, பெண்களுக்குப் பன்னிரண்டு, மிச்சம் மற்ற நோயாளிகளுக்கு. பெண்கள் பகுதியில் ஒரு பெண் வைத்தியர். ஒவ்வொரு கட்டிலுக்கும் பாய், மெத்தை, தலையணை, போர்வை. அசைய முடியாதவர்களுக்கு நடுவில் துவாரம் விட்ட மெத்தை. அறுவைக் கருவிகளைச் சாணை பிடிக்கத் தனி ஆள். போர்க்களத்திலேயே வாழ்நாளைக் கழித்த அரசர் துவாரம் விட்ட மெத்தை வரை யோசித்து விதி எழுத வைத்திருக்கிறார்! இந்த நகரில் எனக்கு மிகப் பிடித்த ஆள் இவர்தான்.

11.10.2024, வெள்ளி

மழை. அறையிலேயே இருந்தோம்.

வேண்டாத பக்கத்தையும் எழுதவேண்டும். உடலில் குறையுள்ளவன் ஆளக்கூடாது என்ற எண்ணம் இருந்ததால், எதிரியைக் கொல்லாமல் கண்ணைப் பிடுங்குவார்கள். 797இல் பேரரசி ஐரீன் (யோவானின் மனைவி அல்ல, அவளுக்கு முந்திய ஒருத்தி) பெற்ற மகனையே, அவன் பிறந்த அதே அரண்மனை அறையில், குருடாக்கினாள். 1014இல் இரண்டாம் பசில் பல்கேரியக் கைதிகள் பதினையாயிரம் பேரின் கண்களைப் பிடுங்கி, நூற்றுக்கு ஒருவனுக்கு ஒரு கண்ணை விட்டு, வழிகாட்டச் சொல்லி அனுப்பினார் என்று ஏடு சொல்கிறது. எண்ணிக்கை மிகை என்பவர்கள் உண்டு. 1261இல் சிலுவைப் போர்க்காரர் வசமிருந்த நகரை மீட்ட எட்டாம் மிக்கேல், அதே வருட நத்தார் நாளில் பதினொரு வயதுச் சிறுவன் நான்காம் யோவானைக் குருடாக்கினார். அரியணைக்கு உரியவன் அந்தச் சிறுவன்தான். எந்த நியாயமும் இதற்கு எடுபடாது.

13.10.2024, ஞாயிறு

நகர மதில், தெக்பூர் அரண்மனைப் பக்கம். இந்தப் பகுதியில்தான் 1347இல் ஆறாம் யோவானுக்கு முடிசூட்டினார்கள். முடியில் இருந்ததெல்லாம் கண்ணாடிக் கல், விருந்துத் தட்டுகள் ஈயமும் மண்ணும். உண்மையான நகைகளை முப்பதாயிரம் தங்கக் காசுக்கு வெனிஸில் அடகு வைத்திருந்தார்கள். மீட்கவேயில்லை.

கடைசிப் பேரரசர் பதினோராம் கொன்ஸ்தந்தீன், முற்றுகைக்கு முன் மதிலைக் காக்க எத்தனை பேர் தேறுவார்கள் என்று எண்ணச் சொன்னார். உள்ளூரார் ஐயாயிரமும் இல்லை. அந்தக் கணக்கு அரசருக்கும் எண்ணிய ஸ்ப்ரான்ட்ஸெஸுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியமாக இருந்தது. நகரை விட்டுக்கொடுத்தால் உயிரோடு போகலாம் என்று சுல்தான் சொல்லியனுப்பியும் அவர் போகவில்லை. 1453 மே 29இல் மதிலடியில் விழுந்தார்.

அவருடைய தம்பி மகன் அந்திரேயாஸ் ரோமில் பாப்பரசரின் உதவிப் பணத்தில் காலம் தள்ளி, 1494இல் பேரரசர் பட்டத்தைப் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்ல்ஸுக்கு விற்றார். சார்ல்ஸ் இறந்தபின், அதே பட்டத்தை ஸ்பெயினின் பெர்டினாந்துக்கும் இசபெல்லாவுக்கும் மரணசாசனத்தில் எழுதிவைத்துவிட்டு 1502இல் செத்துப்போனார். அவர்கள் அதை ஒருநாளும் போட்டுக்கொள்ளவில்லை.