பதிப்பெண் ஒன்றுதான், கோப்பு வேறு

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு மென்பொருளை அதில் கட்டி நிறுவும் செய்முறைக் கோப்புகளுக்கு, பொறுப்பேற்பது பெரிய வேலையே இல்லை. அதில் மேக்ஃபைல் என்ற கோப்பின் பராமரிப்பாளர் வரியில் திட்டத்தின் பொது முகவரி இருந்தால், அதைக் கவனிக்க ஆளில்லை என்று பொருள். அங்கே உங்கள் மின்னஞ்சலைப் போட்டு, கையோடு பதிப்பையும் உயர்த்தி, பூட்ரியேர் என்ற சோதனைக் கருவியில் கட்டிப் பார்த்து, பக்ஸில்லா என்ற பிழைப்பதிவுத் தளத்தில் பேட்சை (மாறிய வரிகளை மட்டும் சொல்லும் கோப்பை) ஏற்றினால் போதும். களஞ்சியத்தில் எழுத அனுமதி உள்ள யாராவது ஒரு கமிட்டர் பார்த்துச் சேர்த்துவிடுவார். எனக்கும் அப்படித்தான் சேர்ந்தது. வம்பெல்லாம் அப்புறம்தான்.

நான் எடுத்தது சி மொழியில் எழுதிய ஒரு சின்னக் கருவி. சர்வரின் பதிவுக் கோப்புகளை வடிகட்டிக் காட்டும். புதுப் பதிப்பு சேர்ந்து கொஞ்ச நாளில், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து அஞ்சல்: "செக்சம் பொருந்தவில்லை, கட்ட முடியவில்லை." செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளத் தொகை. என் கணினியில் சிக்கலில்லாமல் கட்டுகிறது. கட்டத்தானே செய்யும்? நான் முன்பு இறக்கிய டார்பால் (மூலநிரலைச் சுருக்கிக் கட்டிய கோப்பு) டிஸ்ட்ஃபைல்ஸ் அடைவிலேயே இருக்கிறதே. அதை வேறிடத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி இறக்கினால் எனக்கும் அதே பிழை. கோப்பின் பெயரும் பதிப்பெண்ணும் மாறவில்லை. அளவும் எஸ்எச்ஏ256 முறையில் கணக்கிட்ட செக்சம் தொகையும் வேறு.

முதலில், நிரல் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் மேல்தான் சந்தேகம் போனது. 2023 ஜனவரியில் அங்கே தானாக உருவாகும் டார்பால்களின் அமுக்கும் முறை மாறி, உள்ளே இருந்தது மாறாமலேயே பல இடங்களில் செக்சம்கள் உடைந்தன. பிறகு பழைய முறைக்கே திரும்பினார்கள். ஆனால் இது கருவியை எழுதியவர் தன் கையால் ஏற்றிய கோப்பு. அந்தக் கதை இங்கே பொருந்தாது.

இந்த இடத்தில் எல்லாருக்கும் ஒரு சபலம் வரும். "மேக் மேக்சம்" என்று ஒரு தட்டு தட்டினால் செக்சம் எழுதியிருக்கும் டிஸ்ட்இன்ஃபோ கோப்பில் புதுத் தொகை ஏறிவிடும், பிழை போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள். இறக்கிய கோப்பு நாம் பார்த்த அதே கோப்புதானா என்பதற்கு அந்த ஒரு தொகைதான் காவல். 2024 மார்ச்சில் வெளியே வந்த எக்ஸ்இசட் (கோப்பு அமுக்கும் மென்பொருள்) விவகாரத்தில், திருட்டுக் கதவைத் திறந்துவிடும் பில்டு ஸ்கிரிப்ட், நிரலின் மாற்றங்கள் எல்லாம் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார்பாலில் மட்டும்தான் இருந்தது. அதற்கப்புறமும் கண்ணை மூடிக்கொண்டு மேக்சம் போட எனக்கு மனசு வரவில்லை.

பழைய டார்பால் என்னிடமே இருந்தது. உங்களிடம் இல்லாவிட்டால் ஃப்ரீபிஎஸ்டியின் டிஸ்ட்கேஷ் என்ற நகல் சர்வரில் தேடிப் பாருங்கள். இரண்டையும் விரித்து, டிஃப் போட்டு வித்தியாசம் பார்த்தேன். ஒரு சி கோப்பில் இரண்டு வரி மாறியிருந்தது, அதில் வம்பில்லை. கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டிலோ ஆயிரக்கணக்கான வரிகள்! அதை வரிவரியாகப் படிக்க யாராலும் முடியாது. கிட்டிலிருந்து மூலத்தை எடுத்து, அந்த ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் கருவியை நானே ஓட்டி, கிடைத்த ஸ்கிரிப்டை அதோடு ஒப்பிட்டேன். ஆட்டோகான்ஃபின் பதிப்பு மாறியதால் வந்த வித்தியாசம்தான், வேறொன்றும் இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

எழுதியவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "சின்னப் பிழைதான். இதற்காக ஒரு புது எண் எதற்கு என்று அதே பெயரில் மாற்றி ஏற்றிவிட்டேன்." பதிவான பத்திரத்தில் ஒரு தாளை உருவிவிட்டு வேறு தாளைச் செருகிவைத்த மாதிரி! எண்ணுக்கு என்ன பஞ்சமா? கோபத்தை அடக்கிக்கொண்டு, செக்சம் என்றால் என்ன, எத்தனை இயங்குதளங்கள் அதை நம்பியிருக்கின்றன என்று விளக்கி எழுதினேன். பதில் இல்லை.

சரி, நம் பக்கத்தில் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று மேக்ஃபைலில் டிஸ்ட்_சப்டிர் வரியைச் சேர்த்து, தேதி போட்ட தனி அடைவுப் பெயரைக் கொடுத்தேன். பழைய கோப்பை ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் மோதாமல் இருக்க இதுதான் வழி. உள்ளடக்கமும் மாறியிருப்பதால் போர்ட்ரிவிஷனை (போர்ட்டின் திருத்த எண்ணை) ஒன்று கூட்ட வேண்டும். என்ன மாறியது, எப்படிச் சரிபார்த்தேன் என்பதை பக்ஸில்லாவில் விரிவாகவே எழுதினேன். கமிட்டர் கேள்வியே கேட்காமல் சேர்த்துவிட்டார்.

அது அடங்குவதற்குள், ராஸ்பெர்ரி பையில் ஓட்டுகிறவர் ஒருவர், கருவி தொடங்கியதும் அப்படியே தொங்குகிறது என்று எழுதினார். கட்டளை வரி விருப்பங்களைப் படிக்கும் கெட்ஆப்ட் தரும் விடையை கேரக்டர் வகை மாறியில் வாங்கி, அது முடிவைக் குறிக்கும் மைனஸ் ஒன்றா என்று பார்க்கிறது நிரல். ராஸ்பெர்ரி பையில் இருக்கும் ஏஆர்எம் சிப்பில் அந்த வகைக்குக் குறைஎண் கிடையாது. மைனஸ் ஒன்று 255 ஆகிவிடும், சுழற்சி முடியவே முடியாது. பில்டு சர்வர்கள் கட்டிப் பார்ப்பதோடு சரி, ஓட்டிப் பார்ப்பதில்லை. அதனால் அங்கே எல்லாம் பச்சை. மாறியை இன்ட் (முழு எண்) வகை ஆக்கி ஒரு பேட்ச் போட்டேன், எழுதியவருக்கும் அனுப்பினேன். ஆச்சரியம், மறுநாளே ஏற்றுக்கொண்டார். அதுவும் புதுப் பதிப்பெண்ணோடு! என் பேட்சையும் தேதி அடைவையும் தூக்கிப் போட்டேன்.

இத்தனைக்கும் பிறகு "இன்னும் பழைய பதிப்புதானே வருகிறது" என்று கேட்பவர்கள் வருவார்கள். பொதுவாக, கட்டி வைத்த மென்பொருளை நிறுவும் பிகேஜி கருவி போர்ட்களின் காலாண்டுக் கிளையிலிருந்துதான் எடுக்கும். அந்தக் கிளை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில்தான் புதிதாகப் பிரியும். கட்டவே முடியாத அளவு உடைந்ததைச் சரிசெய்யும் பேட்ச் என்றால், காலாண்டுக் கிளையிலும் சேர்க்கச் சொல்லி பக்ஸில்லாவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் அடுத்த காலாண்டு வரை அந்த அஞ்சல்களுக்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.