பெரியப்பாவின் ஜொஹானஸ்பர்க் ரிக்கார்டிங்

ஞாயிற்றுக்கிழமை மட்டன் கறிக்கு வந்த பெரியப்பா, போகும்போது என் ஸ்பிரிங்பாக் இசைத்தட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அதில் பாடியிருப்பது அவராம்.

என் ஸ்பிரிங்பாக் பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுபதுகளில் எந்த இங்கிலீஷ் பாட்டு ஹிட்டானாலும், இங்கே தென்னாப்பிரிக்காவில் உள்ளூர் ஆட்களை வைத்து அவசர அவசரமாகப் பாடவைத்து மலிவு விலைக்கு எல்.பி. போட்டார்களே, அந்த ‘ஸ்பிரிங்பாக் ஹிட் பரேட்’. அசல் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் இவர்களும் மறக்காமல் மூச்சு வாங்குவார்கள். உச்ச ஸ்தாயி வந்தால் மட்டும் யாரோ குரல்வளையைப் பிடித்த மாதிரி இருக்கும். “அசலே போன்ல சும்மா கிடைக்குது, நகலுக்குப் போயி ரேண்டைக் கொட்டுறீங்களே” என்பாள் வீட்டுக்காரி. அசலை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், அதில் என்ன பெருமை?

இந்தத் தட்டு டர்பனில், சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கிடைத்தது. கொத்தமல்லிக் கட்டுக்கும் போன் சார்ஜருக்கும் நடுவில் கிடந்ததை அந்தக் கடைக்காரர் முன்பெல்லாம் சில்லறைக்குத் தள்ளிவிடுவார். இப்போது பேரன் ஏதோ இன்டர்நெட்டில் காட்டிவிட்டான். ஒரு தட்டு வாங்கும் காசில் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி ஊற்றித் தரும் ‘பன்னி சௌ’ இரண்டு சாப்பிடலாம். ஆனாலும் அந்த அட்டையைப் பார்த்தபிறகு விட மனசு வரவில்லை. இந்த வரிசை அட்டைகளில் நீச்சலுடையில் ஒரு பொண்ணு நிற்பது வழக்கம். இவளுக்கு யாரோ ஒரு ஆயா நீல பால்பாயின்ட் பேனாவால் முழங்கை வரை ரவிக்கை போட்டுவிட்டிருந்தாள். கையோரத்தில் ஜரிகை. நெற்றியில் பொட்டு. இடுப்புக்குக் கீழே மை தீர்ந்துவிட்டது போல, வெறும் கீறல்தான் இருந்தது.

வினை எங்கே வந்தது என்றால், இந்தத் தட்டுகளில் பாடினவர்கள் பெயர் கிடையாது. எழுபது தாண்டிய எந்த அங்கிளும் “அது நான்தான்” என்று சொல்லலாம், மறுக்க ஆளில்லை. இங்கிலாந்திலும் இதே கூத்துதான். 1971-ல் அங்கே இந்த மலிவுத் தட்டுகள் ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்கே போய்விட, மறு வருஷமே இந்த ஜாதியையே பட்டியலை விட்டுத் தள்ளிவைத்தார்கள். எல்டன் ஜான்கூடப் பெயர் வாங்குவதற்கு முன்னால் இப்படிப் பெயரில்லாமல் பாடினவர்தான். இதை நானேதான் சாப்பாட்டு மேஜையில் எடுத்துவிட்டேன். பெரியப்பா எலும்பைக் கீழே வைத்தார்.

“எல்டன் ஜான் பேரையே போடல, என் பேரையா போடப்போறான்?”

அப்புறம் ஆரம்பித்தது கதை. டர்பனிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜொஹானஸ்பர்க் போனாராம். நடுவில் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். இந்தியர்களான நம்மவர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற சட்டம் 1986 வரை இருந்ததே. அதனால் அங்கே வழியிலிருக்கும் ஹாரிஸ்மித் ஊரில் டீ குடிக்கக்கூட நிறுத்தாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பனிக்காற்றில் ஓட்டினாராம். “அதான் இரண்டாவது பாட்டுல தொண்டை கட்டியிருக்கு, கேளு” என்றார். கேட்டோம். கட்டித்தான் இருந்தது. ‘இந்தியர்களை அந்தக் காலத்தில் எந்த ஸ்டுடியோவில் உள்ளே விட்டார்கள்?’ என்று கேட்க வாயெடுத்தேன். வீட்டுக்காரி காலை மிதித்தாள். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார். ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை.

பாத்திரம் கழுவும்போது பெரியம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு சொன்னார்:

“போனது நிஜம்தான்யா. ஜொஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவுல பொண்ணு பாக்கப் போனாரு. அவங்க வேணாம்னுட்டாங்க. திரும்பி வந்த அடுத்த மாசம் எங்க வீட்டுக்கு வந்தாரு. தொண்டை அப்பவும் சரியாகல, எங்கப்பாகிட்டப் பேச்சே வரல.” தட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தார். “பாடினதாவே இருக்கட்டும். நீ ஒண்ணும் கேட்டுக்காத.”

சரி, கேட்கவில்லை. தட்டையாவது திருப்பித் தரச் சொல்லி நேற்று போன் பண்ணினேன். “பாடினவனுக்கு இல்லாத பாத்தியதை உனக்கு எங்கேருந்து வந்துச்சுடா?” என்கிறார். காசு கொடுத்தது நான்.