ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல்: ஊசி ஏன் இழுபடுகிறது?

2024இன் பிற்பகுதியில் மேல் மாகாணத்துக்குள் இந்த நோய் புகுந்ததிலிருந்து வத்தளை, ஜா-எல பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: ஊசி எப்போது வரும்? பழைய, சாதாரண பன்றிக் காய்ச்சலுக்குப் (கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல்) பல தசாப்தங்களாகத் தடுப்பூசி இருக்கிறதே என்ற நியாயமும் அவர்களிடம் உண்டு.

வெளியில் அறிகுறி ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு வைரஸ்கள். பழைய காய்ச்சல் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சுமார் 12,300 எழுத்துகள் கொண்டது. மேலுறையிலுள்ள இ2 புரதத்துக்கு எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) உண்டானாலே பன்றி பெரும்பாலும் தப்பும். ஆபிரிக்க வைரஸின் டி.என்.ஏ. 170,000 எழுத்துகளுக்கு மேல், மரபணுக்கள் 150க்கு மேல். இங்கே எதிர்ப்பொருள் மட்டும் காப்பாற்றாது. அதனால்தான் கொன்ற வைரஸில் செய்த ஊசிகள் பலிக்கவில்லை.

எஞ்சிய வழி, உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்வது. 2007இல் ஜோர்ஜியாவில் பரவிய வைரஸில் ஐ177எல் என்ற மரபணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒளிரும் அடையாளம் ஒன்றைச் செருகினார்கள். ஒளிர்வதுதான் மாற்றிய வைரஸ்; அதை மட்டும் திரும்பத் திரும்ப ஐதாக்கிப் பிரிக்க வேண்டும். மூல வைரஸ் சிறிதளவு தங்கினாலும் ஊசியே நோயைக் கொடுக்கும். ஆகவே முழு மரபணுத்தொகுதியையும் வாசித்துப் பார்க்காமல் பன்றிக்குப் போடக்கூடாது.

பெரிய தலையிடி அதற்குப் பிறகுதான். இந்த வைரஸ் நன்றாக வளர்வது பன்றியின் மக்ரோபேஜ் கலங்களில், அதாவது கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புக் கலங்களில். அவற்றை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பன்றியிலிருந்தே எடுக்க வேண்டும். அளவு போதாது, வேறு கிருமியும் கூட வரலாம். ஆய்வுகூடத்தில் ஓயாமல் பெருகும் நிரந்தரக் கலவரிசைக்குப் பழக்கினால் வைரஸ் தன் மரபணுக்களை இழக்கும், சிலவேளை காக்கும் திறனையும் சேர்த்தே இழக்கும்.

ஊசி போட்டு சுமார் 28 நாள் கழித்துக் கொடிய வைரஸைக் கொடுத்துப் பார்ப்பது ஒரு சோதனை. என் பார்வையில் அதைவிட முக்கியமானது, ஊசி வைரஸைப் பன்றியிலிருந்து பன்றிக்கு அடுத்தடுத்து மாற்றி, வீரியம் திரும்புகிறதா என்று பார்ப்பது. 1960களில் போர்த்துக்கலில் போட்ட உயிர்த் தடுப்பூசி ஏராளமான பன்றிகளுக்கு நாட்பட்ட நோயைத் தந்தது. வியட்நாமும் 2022இல் அனுமதித்த ஊசியை, பன்றிகள் இறந்ததும் அதே ஆண்டு தற்காலிகமாக நிறுத்தியது. 2023இல்தான் பரவலான பாவனைக்கு விட்டது.

ஆகவே யாராவது களவாகக் கொண்டுவந்த குப்பியைக் காட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். ஊசி வரும்வரை நோயைத் தடுப்பதுதான் வழி: பன்றிக்குப் போடும் ஹோட்டல் எச்சிலை 90 பாகை செல்சியஸில், கிண்டிக் கிண்டி, ஒரு மணி நேரம் காய்ச்சிய பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். காய்ச்சாத எச்சில் இருந்த வாளியைக் காய்ச்சியதற்குப் பாவிக்க வேண்டாம். பன்றி காய்ச்சலோடு படுத்தால் விற்றுவிடாமல் மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.