அரை நூற்றாண்டு வண்டியும் விரிசல் விட்ட கழிவுத் தொட்டியும்

ஒரு கழிவுத் தொட்டியையும் ஒரு கழிப்பறைக் கோப்பையையும் மாற்றித் தருவதற்கு, இந்த வண்டியை நாங்கள் வாங்கிய விலையில் பாதிக்கும் மேல் கேட்ட பணிமனைக்காரர் மீதுள்ள எரிச்சல் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். எங்களுடையது 1973-ஆம் ஆண்டின் வின்னபேகோ பிரேவ், உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் மோட்டர்ஹோம். அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் கட்டப்பட்டு, டாட்ஜ் நிறுவனத்தின் சேசிஸ் (அடிச்சட்டகம்) மீது நிற்பது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் அரிசோனாவின் குவார்ட்சைட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் வண்டியின் அடியில் ஏதோ சொட்டியது. என்ன சொட்டுகிறது என்பதை மூக்கே சொல்லிவிட்டது.

வழியில் இருந்த பணிமனையில், மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து வந்து வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. ஆண்டைக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார், பிறகு ஒரு தாளில் எழுதத் தொடங்கினார்: தொட்டி தனி, கோப்பை தனி, மணிக்கணக்கில் கூலி தனி, மலம் தேங்கிய தொட்டி என்பதால் சுத்தம் செய்யும் கட்டணம் தனி, பழைய வண்டி என்பதால் உத்தரவாதம் கிடையாது. இத்தனையும் கொடுத்த பிறகும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டுமாம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அங்கேயே அடிப்பக்க வால்வை இறுகக் கட்டி, அடியில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அருகிலிருந்த டம்ப் ஸ்டேஷனில், அதாவது இத்தகைய வண்டிகளின் கழிவைக் கொட்டும் இடத்தில், தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினோம்.

அந்த நாளின் ஒரே நல்ல செய்தி, வழியில் கோச்செல்லா பள்ளத்தாக்கில் இருக்கும் இண்டியோ என்னும் ஊர். அமெரிக்காவில் விளையும் பேரீச்சையில் பெரும்பங்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் வருகிறது. சாலையோரத்திலேயே பேரீச்சை மில்க்‌ஷேக் அடித்துக் கொடுக்கிறார்கள். கெட்டியாக, உறிஞ்சும் குழாயில் ஏற மறுக்கும் பதத்தில், அடியில் பழத்தின் நார் தங்கியிருக்க, தொண்டைக்குள் இறங்கும்போது கருப்பட்டியின் சாயலில் ஓர் இனிப்பு. விலை அநியாயம்தான். ஆனாலும் ஆளுக்கு ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றை வாங்கிப் பகிர்ந்துகொண்டோம்.

குவார்ட்சைட் ஜனவரியில் வேறோர் ஊராகிவிடுகிறது. குளிருக்குத் தப்பி வரும் ஆயிரக்கணக்கான மோட்டர்ஹோம்கள் பாலைவனமெங்கும் நிற்க, கூடாரக் கடைகளில் இந்த வண்டிகளுக்கான உதிரிப் பொருள் கிடைக்கிறது. லா போசா என்னும் அரசு நிலத்தில், நாங்கள் போனபோது, 14 நாள் தங்க 40 டாலர், பருவம் முழுவதற்கும் 180 டாலர். குடிநீரும் டம்ப் ஸ்டேஷனும் அதிலேயே அடக்கம். சிக்கனமாகப் பயணம் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நான் சந்தைக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் தொட்டியும் கோப்பையும் விற்கும் ஒரு முதியவரைக் கண்டுபிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியதன்று: "பழைய தொட்டி ஏபிஎஸ்ஸா, பாலிஎதிலீனா?"

கேள்வியின் அருமை பிறகுதான் புரிந்தது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைப்பான் பசையால் ஒட்டலாம். பாலிஎதிலீனில் எந்தப் பசையும் பிடிக்காது, அதன் குழாய் முனைகளைச் சுழற்றி, உராய்வு வெப்பத்தில் உருக்கித்தான் இணைக்க வேண்டும். எங்களுடையது ஏபிஎஸ். அரை நூற்றாண்டில் அது விறைத்துப்போய், மூன்று அங்குல வெளியேற்றுக் குழாய் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. அதை ஒட்டிப் பார்க்கலாமே என்று கேட்டதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். முப்பது கேலன் கழிவு நிறைந்தால் 113 கிலோவுக்கு மேல் எடை. அதைச் சுமந்துகொண்டு மேடு பள்ளத்தில் குலுங்கும் தொட்டியில் ஒட்டு நிற்காது.

வீட்டுக் கழிப்பறையில் நாற்றத்தைத் தடுப்பது வளைந்த குழாயில் தேங்கும் நீர். மோட்டர்ஹோமில் அந்த வளைவே இல்லை: கோப்பையின் அடியில் ஒரு தகடு, காலால் மிதித்தால் திறக்கும், கழிவு நேரே கீழே தொட்டிக்குள் விழும், மூடிய தகட்டின் மேல் நிற்கும் சிறிது நீர்தான் மூடி. தொட்டியின் வாயு கூரைக்கு மேல் நீளும் ஒரு குழாய் வழியே போகிறது. ஆகவே புதிய தொட்டியின் வாய் தரையிலுள்ள துளைக்கு நேர் கீழே அமைந்தாக வேண்டும்; துளையின் மையத்திலிருந்து பின்சுவர் வரையுள்ள தூரத்தை அளக்காமல் கோப்பை வாங்குகிறவர், பின்னால் சுவரை இடிக்கத்தான் வேண்டியிருக்கும். மண்ணாக மட்கும் கழிப்பறையை ஒருவர் பரிந்துரைத்தார். தொட்டி வேலையே மிஞ்சாது என்பது உண்மை. ஆனால் விலை ஆயிரம் டாலரைத் தொடுகிறது, சிறுநீரைத் தனியே எடுத்துப் போய் ஊற்றவும் வேண்டும். எனக்கு ஒவ்வாது. பீங்கானும் வேண்டாம் என்று முடிவு செய்து, எடை குறைந்த பிளாஸ்டிக் கோப்பையே வாங்கினோம்.

டம்ப் ஸ்டேஷனில் தெளிந்த நீர் வரும்வரை தொட்டியை அலசினோம். கோப்பையைத் தரையோடு பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளில் ஒன்று கையோடு வந்தது, மற்றது துருவேறி அசையவில்லை, அதை அறுத்தோம். கோப்பையைத் தூக்கியபோது, ரப்பர் வளையத்தைச் சுற்றியிருந்த பிளைவுட் ஈரத்தில் ஊறி, விரலால் தொட்டால் பிய்ந்து வந்தது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிய பலகை வைத்துத்தான் மேலே போக முடிந்தது. வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, ஜாக்கி கொடுத்துத் தாங்கி, இரும்புப் பட்டைகளை அவிழ்த்தபோது தொட்டி அங்குலம் அங்குலமாக இறங்கியது. மறுபக்கம் முகத்துக்கு நேரே அதைத் தாங்கிக்கொண்டிருந்த என் மைத்துனன், "அத்தான், அந்த ஆள் கேட்ட காசையே கொடுத்திருக்கலாம்" என்றான்.

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், வாய்க்கு நேர் கீழே காய்ந்து இறுகிய ஒரு கூம்பு. முன்பு இந்த வண்டியை வைத்திருந்தவர்கள் தண்ணீரை மிச்சப்படுத்தினால், அல்லது வால்வைத் திறந்தே வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும்: திரவம் ஓடிவிடும், திடம் குவியும். குவார்ட்சைட் கல்லறையில் ஒட்டகம் ஏறி நிற்கும் ஒரு பிரமிட் உண்டு, 1902-இல் இறந்த ஹாய் ஜாலி என்னும் ஒட்டகக்காரரின் நினைவுச் சின்னம். அதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே இந்தப் பிரமிடையும் பார்க்க நேர்ந்தது.

புதிய தொட்டியை ஏற்றும் வேலை சுருக்கமாக முடிந்தது. இரும்புப் பட்டைகளைப் பழைய இடத்திலேயே புதிய போல்ட்டுகளால் முடுக்கி, வால்வையும் ரப்பர் வளையத்தையும் புதிதாகவே போட்டோம். அங்கே மிச்சம் பிடிப்பது மடமை. பிறகு கோப்பையின் வாய்வரை தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அடியில் காய்ந்த செய்தித்தாள் விரித்து ஓர் இரவு விட்டோம். தாள் நனையவில்லை. பொருள்களுக்கு ஆன செலவு அந்தப் பணிமனைத் தாளில் எழுதியிருந்த கூலியில் கால்வாசிகூட இல்லை.

தொட்டி நிறைந்ததைக் காட்டும் உணரிகளை மட்டும் வாங்கவில்லை. பக்கச்சுவரில் பதியும் அந்தத் திருகுகளில் காகிதமும் கழிவும் ஒட்டிக்கொண்டால், காலித் தொட்டியையும் நிறைந்ததாகவே காட்டும். தகட்டைத் திறந்து டார்ச் அடித்தால் அளவு கண்ணுக்கே தெரிகிறது. அந்தப் பணம், இந்த டாட்ஜ் குடிக்கிற குடிக்கு, பெட்ரோலுக்கே போதவில்லை.