இடிக்கும் முன் போட்டோ: வர்ஜீனியா கிராமத்துப் பழைய வீட்டுக்கு வரிச்சலுகை வாங்கிய அனுபவம்

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன்: சாவி கைக்கு வந்தவுடன் ஒவ்வோர் அறையையும், ஒவ்வொரு ஜன்னலையும், கூரையையும் படம் எடுத்துவிடுங்கள். காண்ட்ராக்டர் வாசற்படி ஏறுவதற்கு முன்னால். அவர் நல்லவராக இருந்தாலும் சரி. எங்களுக்கு வாய்த்தவர் நல்லவர்தான், கெட்டிக்காரரும்கூட. ஆனால் "வரிச்சலுகைக்கான அங்கீகாரம் வரும்வரை எதையும் தொடாதீர்கள்" என்று எழுத்திலேயே கொடுத்திருந்தும், பின்கட்டு அறையின் சுண்ணாம்புப் பூச்சை மொத்தமாக உரித்துக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, "உங்களுக்கு ஒரு வாரம் மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மிச்சம் பிடித்த வாரம் எங்களுக்கு மாதக்கணக்கில் இழுத்தது.

வீடு இருப்பது வர்ஜீனியாவில் ராப்பஹானக் கவுன்டியில் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரம், ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குக் கிழக்கே. 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 7,348 பேர். கவுன்டியின் தலைமை ஊருக்குப் பெயர் வாஷிங்டன். தலைநகரோடு குழம்பாமலிருக்க 'லிட்டில் வாஷிங்டன்' என்பார்கள். 1749இல், பதினேழு வயதில், ஜார்ஜ் வாஷிங்டனே அளந்து கொடுத்த ஊர் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஊரின் பழைய பகுதி 1975இலும், பக்கத்து ஸ்பெர்ரிவில் 1983இலும் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் 'வரலாற்று வட்டாரம்' என்று ஏறின. அப்புறம் வேறு சில சின்ன ஊர்களும் சேர்ந்தன. எங்கள் வீடு இந்த வட்டாரங்களில் ஒன்றுக்குள் வருகிறது. ஊரே நாலு தெரு என்பதால் பெயர் வேண்டாம்.

வாங்கினோம் என்று தெரிந்ததும் வடக்கு வர்ஜீனியாவின் ஆஷ்பர்னில் இருக்கும் நண்பர்கள் எல்லோரும் பயமுறுத்தினார்கள். "வரலாற்று வட்டாரமா? ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கணுமே!" இது பாதிதான் உண்மை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த தேசியப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் தனியார் வீட்டுக்காரரை யாரும் எதுவும் கேட்க முடியாது. சொந்தப் பணத்தில் வீட்டையே இடித்தாலும் அந்தப் பதிவேடு தடுக்காது. தடுப்பது உள்ளூர்ச் சட்டம். லிட்டில் வாஷிங்டனில் கட்டடத் தோற்றத்தைப் பரிசீலிக்க ஊர் அளவில் ஒரு குழு இருக்கிறது. அங்கே வாங்கினால் அவர்களிடம் போயாக வேண்டும். அதனால் வீடு பார்க்கும்போதே 'பதிவேட்டில் இருக்கிறதா, உள்ளூர்க் கட்டுப்பாடு இருக்கிறதா, பத்திரத்தில் பழமையைக் காக்கும் ஒப்பந்தம் ஏதாவது ஏறியிருக்கிறதா' என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எங்களுக்கு வீடு காட்டியவர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, கடைசியில் "பெயின்ட் நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள்" என்றார். அப்படி ஒரு விதி எங்கள் ஊரில் கிடையவே கிடையாது.

சரி, யாரும் தடுக்கவில்லை என்றால் எதற்கு இந்த அலைச்சல்? வரிச்சலுகைக்காகத்தான். தகுதியான புதுப்பிப்புச் செலவில் வர்ஜீனியா மாநிலம் 25 சதவீதத்தை வரியில் கழித்துத் தருகிறது. மத்திய அரசு 20 சதவீதம் தருகிறது. 'இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்டப் பாதி' என்று கணக்குப் போட்டுக்கொண்டு எல்லோரும் இறங்குகிறார்கள். இங்கேதான் முதல் அடி.

மத்திய அரசுச் சலுகை வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டும். அதனால் வாடகைக்கு விடுவதாக முடிவு செய்தோம். 24 மாதத்துக்குள் கட்டடத்தின் மதிப்புக்கு மேல் செலவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் தெரியும். நிலத்தின் விலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கிராமத்து வீட்டுக்கு அது எட்டக்கூடியதுதான். எல்லாம் சரி என்று சொன்ன கணக்காளர், திட்டமெல்லாம் வரைந்து முடித்த பிறகு மெதுவாக ஒன்றைச் சொன்னார். வாடகை வீட்டிலிருந்து வரும் இந்தச் சலுகையைச் சம்பளத்துக்கான வரியில் கழிக்க வருமான வரம்பு உண்டு. 2,00,000 டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கி, 2,50,000 டாலரில் முழுவதும் நின்றுவிடும். இருவரும் ஐடி வேலையில் இருக்கும் குடும்பம் வடக்கு வர்ஜீனியாவில் அந்த வரம்புக்குள் நிற்பது அபூர்வம். பயன்படுத்தாத சலுகை எங்கும் போய்விடாது, வாடகை வருமானம் வரும்போது பின்னால் கழிக்கலாம் என்றார். ஒரே ஒரு வாடகை வீட்டில் அது எப்போது கழியும்? முதல் சந்திப்பிலேயே எங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தவர் அவர். அந்த ஆலோசனைக்குக் கொடுத்த கட்டணம் இன்னும் வயிற்றெரிச்சல்.

கடைசியில் மத்திய அரசுச் சலுகையை விட்டுவிட்டு, வீட்டை நாங்களே வைத்துக்கொண்டு, மாநிலச் சலுகைக்கு மட்டும் போனோம். உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கும் மாநிலம் தருகிறது. வேலை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் வரி மதிப்பீட்டில் கட்டடத்துக்கு என்ன போட்டிருக்கிறார்களோ அதில் 25 சதவீதம் செலவு செய்தால் போதும். வாடகைக் கட்டடம் என்றால் 50 சதவீதம். வரி பாக்கியைவிடச் சலுகை அதிகமாக இருந்தால் பத்து ஆண்டுவரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துப் போகலாம். வீட்டை வாங்கிய விலை, நீட்டிக் கட்டும் புதுப் பகுதி, சோபா கட்டில் எதுவும் செலவுக் கணக்கில் சேராது.

விண்ணப்பம் மூன்று பாகம். கட்டடத்துக்குத் தகுதி இருக்கிறது என்று காட்டுவது முதல் பாகம், என்ன செய்யப் போகிறோம் என்பது இரண்டாம் பாகம், செய்து முடித்ததைக் காட்டுவது மூன்றாம் பாகம். போக வேண்டிய இடம் ரிச்மண்டில் இருக்கும் மாநில வரலாற்று வளத் துறை.

முதல் பாகம் எளிதாக முடியும் என்றார்கள். முன்வீட்டைப் பொறுத்தவரை அப்படித்தான் முடிந்தது. சிக்கல் பின்கட்டில். வட்டாரத்துக்குப் பதிவேட்டில் குறித்திருக்கும் முக்கியக் காலத்துக்குள் கட்டியதாக இருந்தால்தான் அதுவும் பாதுகாக்க வேண்டிய பகுதி. பிற்காலத்து ஒட்டு என்றால் வேறு கதை. எப்போது கட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி கொடுத்த வில்லங்கம் சில பத்தாண்டுகளுக்கு மேல் பின்னால் போகவில்லை. தொலைபேசியில் ஓர் ஆலோசகர், "எல்லாப் பத்திரமும் லிட்டில் வாஷிங்டன் கோர்ட்டிலேயே இருக்கும்" என்று அடித்துச் சொன்னார். விடுமுறை போட்டுவிட்டுப் போனோம். பத்திர அறையில் நன்றாகவே உதவினார்கள், தடித்தடியான புத்தகங்களை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பத்திரமாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் 1833இல் டப்பென்று நிற்கிறது. ராப்பஹானக் கவுன்டி பிறந்ததே அந்த ஆண்டில்தான்! அதற்கு முன் இந்த நிலமெல்லாம் கல்பெப்பர் கவுன்டி, பத்திரங்களும் கல்பெப்பரில். அமெரிக்காவில் பழைய பத்திரம் தேடுகிறவர்கள் முதலில் அந்தக் கவுன்டி எந்த ஆண்டு எதிலிருந்து பிரிந்தது என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

கல்பெப்பருக்கும் போனோம். பத்திரம் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் பத்திரங்களில் வெள்ளை ஓக் மரத்திலிருந்து இத்தனை 'போல்', அங்கிருந்து ஓடைக்கரைக் கல்வரைக்கும் இத்தனை 'போல்' என்று எல்லை மட்டும்தான் எழுதியிருக்கிறது. ஒரு போல் பதினாறரை அடி. நிலத்தில் என்ன கட்டியிருக்கிறது என்று ஒரு வரி கிடையாது.

விடை கிடைத்தது நில வரிப் புத்தகத்தில். பத்திர அறையில் பக்கத்து மேசையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான பெண்மணி ஒருவர்தான் தானாக வந்து சொன்னார். வர்ஜீனியாவில் 1782 முதல் நில வரிப் பட்டியல் உண்டு. 1820 முதல் அதில் கட்டடத்தின் மதிப்புக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ரிச்மண்டில் மாநில நூலகத்தில் மைக்ரோஃபிலிமாகப் பார்க்கலாம், காசு கிடையாது. ஆண்டுவாரியாக உருட்டிக்கொண்டே போனால், 1850களில் ஓர் ஆண்டில் எங்கள் நிலத்தின் கட்டட மதிப்பு மளமளவென்று ஏறி, ஓரத்தில் 'புதிதாகக் கட்டியதற்காகச் சேர்த்தது' என்ற பொருளில் சின்னதாக ஒரு குறிப்பு. அந்த இருட்டு அறையில் நான் போட்ட சத்தத்துக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பின்கட்டும் பழையதுதான் என்று துறையும் ஏற்றுக்கொண்டது.

அந்தப் பின்கட்டைத்தான் காண்ட்ராக்டர் உரித்துவிட்டிருந்தார்.

இரண்டாம் பாகத்துக்கு வேலைக்கு முந்தைய படங்கள் கட்டாயம். துறையிலிருந்து பதில் மரியாதையாகவே வந்தது: அறை முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல் திட்டத்தை மதிப்பிட முடியாது. 30 நாளில் முடிவு என்று கேள்விப்பட்டு நாள்காட்டியில் வட்டம் போடாதீர்கள். விண்ணப்பம் முழுமையான நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு. காண்ட்ராக்டரைக் கேட்டால், "எதற்குப் பழைய பூச்சு? புகைபோக்கிச் செங்கல்லை அப்படியே வெளியே தெரிய விடலாம், இப்போது அதுதான் ஃபேஷன்" என்கிறார். பூச்சுக்குள் இருந்த செங்கல்லை வெளியே காட்டுவது இந்தச் சலுகைக்கு ஆகாத காரியம். மீண்டும் பூச வேண்டும். பூச்சின் கனமும் பழையபடி இருக்க வேண்டும். ரீப்பரின் மேல் கனம் தெரியாமல் ஜிப்சம் பலகையை அடித்தால் கதவுச் சட்டம் சுவரிலிருந்து துருத்திக்கொண்டோ உள்ளே போயோ நிற்கும். படத்தில் அது பளிச்சென்று தெரியும்.

படங்களை எங்கெல்லாமோ தேடினோம். வீட்டை விற்றவரிடம் இல்லை. விளம்பரப் படங்களில் முன்அறையும் தோட்டமும் மட்டும். என் கணவருக்குத்தான் வீடு வாங்கும்போது அதைச் சோதித்துப் பார்த்த ஹோம் இன்ஸ்பெக்டர் கொடுத்த அறிக்கை ஞாபகம் வந்தது. பூச்சில் விரிசல், கூரையில் ஈரக்கறை, ஜன்னல் ஏறவில்லை என்று குறை சொல்வதற்காகவே அந்த மனிதர் பின்கட்டின் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து, தேதியோடு ஒட்டியிருந்தார். வாங்கும்போது "இவ்வளவு குறையா" என்று எங்களைத் தூங்கவிடாத அறிக்கை அது. அதையே இணைத்து அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். பூச்சை மீண்டும் பூசும் செலவு மட்டும் எங்கள் தலையில். காண்ட்ராக்டர் கூலியில் கொஞ்சம் குறைத்தார், அதுவும் பேசிப் பேசி.

அடுத்தது ஜன்னல். மேலே ஆறு, கீழே ஆறு என்று சின்னச் சின்னக் கண்ணாடிகள். உள்ளேயிருந்து பார்த்தால் எதிர்வீட்டு வேலி லேசாக நெளியும். "எல்லாவற்றையும் கழற்றி வினைல் (பிளாஸ்டிக்) ஜன்னல் போட்டால் கரண்ட் பில் பாதியாகும்" என்று விற்க வந்தவர் ஒருவர் விலைப்பட்டியலோடு நின்றார். போட்டிருந்தால் சலுகை அத்தோடு போயிருக்கும். மாற்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் எண் கொடுத்து, உள்ளும் வெளியும் படம் எடுத்து, பழுதுபார்க்க முடியாத அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். எண் கொடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உண்மையில் உளுத்துப்போனது கீழ்ச்சட்டங்கள் சில மட்டுமே. மரவேலை தெரிந்த ஒருவர் உளுத்த இடத்தை வெட்டி ஒட்டுப்போட்டு, கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டிப் பசையை மாற்றி, சட்டத்துக்குள் தொங்கும் இரும்பு எடைகளுக்குப் புதுக் கயிறு கட்டினார். வெளியே குளிரைத் தடுக்க இன்னொரு கண்ணாடி அடுக்காக ஸ்டார்ம் விண்டோ. குளிர்காலத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. 1978க்கு முந்தைய வீடு என்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டுகிறவருக்கு அதற்கான சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

தேசியப் பூங்காத் துறை இதற்கெல்லாம் 'ப்ரிசர்வேஷன் ப்ரீஃப்' என்று எண் போட்ட கையேடுகளை வரிசையாக வெளியிட்டிருக்கிறது, இலவசம். எண் 2 செங்கல் இடுக்குக் கலவைக்கு, எண் 9 மர ஜன்னலுக்கு, எண் 21 சுண்ணாம்புப் பூச்சுக்கு. இந்த மூன்றையும் அச்சடித்துக் காண்ட்ராக்டர் கையில் கொடுங்கள். நாம் சொன்னால் 'இவங்களுக்கு என்ன தெரியும்' என்று நினைப்பவர், அரசு முத்திரை போட்ட காகிதத்துக்குக் கொஞ்சம் மசிவார். எங்கள் புகைபோக்கிக்குப் போர்ட்லாண்ட் சிமென்ட் கலக்காமல் சுண்ணாம்புக் கலவை வந்தது அப்படித்தான். மென்மையான பழைய செங்கல்லை கெட்டிச் சிமென்ட் உடைத்துவிடும். தகரக் கூரையின் முகட்டில் பருமனான மூடி வைக்கப் பார்த்தார். அதையும் நிறுத்தி, பழையபடி மடித்து நசுக்கிய முகடாகவே போடவைத்தோம்.

மூன்றாம் பாகத்தில் சொல்ல ஒன்றுமில்லை. முன்பு எடுத்த அதே கோணங்களில் மீண்டும் படம், பில்கள், கட்டணம், அவ்வளவுதான். பில்களை மட்டும் ஆரம்பத்திலிருந்தே தகுதியான செலவு, தகுதியில்லாத செலவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். 'வீட்டு வேலை, மொத்தம்' என்று ஒரே வரியில் வந்த பில்லைப் பிரித்து வாங்க மூன்றாம் பாகத்தை விட அதிக நேரம் ஆனது. சான்றிதழ் ஏப்ரல் கடைசியில் வந்தது. மத்திய வரிக்குத்தான் ஏப்ரல் 15. வர்ஜீனியா மாநில வரிக்கு மே 1 வரை நேரம் உண்டு என்பதால் அந்த ஆண்டுக் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம்.