டெக்சாஸில் வீட்டு வரி நோட்டீஸை எதிர்த்து மனுப் போட்டோம்

கலிஃபோர்னியாவிலிருந்து டாலஸின் வடக்குப் புறநகருக்கு 2021இல் குடிவந்தோம். இங்கே மாநில வருமான வரி கிடையாது என்று எல்லாரும் சொன்னார்கள். அதை வீட்டு வரியில் பிடித்துவிடுவார்கள் என்று யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை. ஊர், கவுண்டி, பள்ளி மாவட்டம், கல்லூரி எல்லாம் சேர்த்து எங்களுக்கு வீட்டு மதிப்பில் நூறு டாலருக்கு ஏறத்தாழ இரண்டு டாலர் வரி. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கே போகிறது.

5,40,000 டாலருக்கு வாங்கிய வீட்டுக்கு, 2022 ஏப்ரலில் மதிப்பு 6,90,000 என்று வரி மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நாமே குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கினால், வரி போடும் மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஆனால் அந்த வரம்பு விலக்கு கிடைத்த மறு ஆண்டிலிருந்துதான் தொடங்கும். எங்களுக்கு 2022 முதல் ஆண்டு. அப்போது எந்தத் தொகை நிலைக்கிறதோ, அதன் மேல்தான் பின்னால் வரும் ஏற்றமெல்லாம். அதனால் விடக்கூடாது என்று முடிவு செய்தோம்.

மே 15, அல்லது நோட்டீஸ் வந்து 30 நாள், எது பிந்தியதோ அதுவரை மனுப் போடலாம். ஆன்லைனிலேயே போட்டேன். ‘சந்தை மதிப்பைவிட அதிகம்’, ‘மற்ற வீடுகளோடு சமமாக இல்லை’ என்ற இரண்டு காரணங்களையும் டிக் செய்யுங்கள். டெக்சாஸில் விற்பனை விலையை அரசிடம் தெரிவிக்கும் கட்டாயம் இல்லை. அக்கம்பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று காட்டுவது கஷ்டம். ஆனால் அந்த வீடுகளுக்குப் போட்ட மதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

கைகொடுத்தது என்னவோ ஒரு விரிசல்தான். இந்தப் பக்கத்து மண் நம்ம கோவில்பட்டிக் கரிசல் மாதிரி, மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். படுக்கையறைக் கதவின் மூலையிலிருந்து மேலே ஓடிய பிளவைப் படமெடுத்து, அஸ்திவாரம் சரிசெய்பவரின் கொட்டேஷனையும் வைத்தேன். ஜனவரி 1 அன்று வீடு இருந்த நிலைக்குத்தான் மதிப்பு. படத்தில் டிசம்பர் தேதி இருந்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் மதிப்பீட்டாளர் போனில் பேசி 6,60,000க்கு இறங்கினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் மூன்று பேர் கொண்ட குழு முன் விசாரணை. சத்தியப்பிரமாணமெல்லாம் உண்டு, ஆனால் கோர்ட் மாதிரி பயப்பட ஒன்றுமில்லை. மதிப்பீட்டு அலுவலகம் ஒப்பிட்ட வீடுகளில் ஒன்று பசுமை வெளியைப் பார்த்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெடுஞ்சாலைச் சுவர். அதையும் விரிசலையும் காட்டினேன். குழுவினர் 6,25,000 என்று முடித்தார்கள். ஆண்டுக்கு 1,300 டாலர் மிச்சம்.

2023இலும் மனுப் போட்டேன். சந்தை மதிப்பு 7,20,000 என்றிருந்ததை 7,00,000 ஆக்கினார்கள், பைசா பிரயோஜனமில்லை. வரம்புப்படி வரி எப்படியும் 6,87,500க்குத்தான். சந்தை மதிப்பு அதற்கும் கீழே போனால்தான் பில் குறையும். இருந்தும் அந்த ஆண்டு பில் இறங்கியது, என் வாதத்தால் அல்ல: பள்ளி வரிக்கான விலக்கை 40,000 டாலரிலிருந்து 1,00,000 ஆக்க நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள், பள்ளி வரி விகிதத்தையும் அந்த ஆண்டு குறைத்தார்கள். வீட்டு வரிக்காக வங்கி மாதாமாதம் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் மிஞ்சிய பணத்துக்கு வங்கியிலிருந்து செக் வந்தது.